முதலில் யார் கைக்கு

நெற்குப்பை
18.1.2025

அன்புள்ள தாமரை,

பயமா என்றால், இல்லை. நேற்று ஃபோனில் நீ கேட்டபோது "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொன்னதற்குக் காரணம், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்ததுதான். பயம் இல்லை. தெரியவில்லை. இரண்டும் வேறு.

இங்கே நானும் உன் மச்சானும் பையன்களும் அத்தையும் சுகம். ஹைதராபாத் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் கிடைக்கிறதா?

இனிமேல் இதைக் கடிதத்தில் எழுதுவோம். ஃபோன் இந்த வீட்டில் பொதுச் சொத்து. தபால் அப்படி இல்லை. பையைப் பிரித்து அடுக்குகிறவள் நான். என் பெயருக்கு வருவது என் கைக்குத்தான் முதலில் வரும். பதினொரு வருடம் கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்ததற்கு இந்த ஒரு வசதி.

விஷயம் இதுதான். சின்னவனுக்கு ஏழு வயதாகிவிட்டது. மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று காரைக்குடிக்குப் போனோம். டாக்டரம்மா எழுதிக்கொண்டே "வீட்ல யாருக்காவது கேன்சர்?" என்று கேட்டார். அம்மாவுக்கு முட்டைப்பையில் வந்ததைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப முடிச்சுப் போட வேணாம். ரெண்டு கருக்குழாயையும் எடுத்துருவோம்." அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. உன் மச்சானிடம் பேசினார். "உங்களுக்குச் சம்மதந்தான ஈஸ்வரன்?" உன் மச்சான் என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மொத்தம் நாலு நிமிடம்.

எதை எடுக்கிறார்கள்? எடுத்த பிறகு நான் என்ன ஆவேன்? அத்தை சொல்கிறாள்: "கொழாயப் புடுங்கிட்டா பொம்பளைக்கு மீச மொளைக்கும்த்தா. எங்கூர்ல ஒருத்திக்கு மொளைச்சுச்சு." நீ படித்தவள். எழுது. பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை என்று தேதி குறித்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
யோகலட்சுமி


ஹைதராபாத்
25.1.2025

அன்புள்ள அக்கா,

இருமல் விட்டது. வெந்நீர் காலை ஆறரை வரை கிடைக்கும். நான் எழுவது ஏழுக்கு. மற்றபடி நலம். நீ நன்றாகத் தூங்குகிறாயா?

சிங்கம்புணரிச் சந்தையில் ஒரு ஆட்டைப் பிடிக்க அரை நாள் பேசுகிறார்கள். பல்லைப் பார்க்கிறார்கள். உனக்கு நாலு நிமிடம். அதிலும் பேச்சு உன்னோடு இல்லை.

நான் டாக்டர் இல்லை. சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறவள். ஆனால் மருத்துவக் கல்லூரியில் ஒரு தோழி இருக்கிறாள். அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறேன்.

கருப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய். பென்சிலைவிட மெலிசு. முட்டைப்பையிலிருந்து முட்டை வரும் வழி. அம்மாவுக்கு வந்த நோய், முட்டைப்பையில் வருகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்களாம். பல நேரம் அது குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று இப்போது சொல்கிறார்கள். அதனால்தான் கட்டுவதற்குப் பதிலாக எடுப்பது. டாக்டர் சொன்னது சரி. சொன்ன விதம்தான் அயோக்கியத்தனம்.

முட்டைப்பை இரண்டும் உள்ளேயே இருக்கும். அதனால் மாதவிலக்கு வரும். மீசை வராது. அத்தையிடம் சொல்.

வயிற்றில் மூன்று சின்னத் துளைகள். உள்ளே காற்று ஏற்றுவார்கள். அந்தக் காற்றால் ஆபரேஷனுக்குப் பிறகு தோள்பட்டை வலிக்கும். வயிற்றைவிட அதிகமாகக்கூட. இரண்டு மூன்று நாளில் போய்விடும். பயப்படாதே. கொஞ்சம் இரத்தம் படும். அநேகமாக மறுநாள் வீட்டுக்கு வரலாம். சில வாரம் கனம் தூக்கக் கூடாது. தபால் பையும் கனம்தான். காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, இரத்தம் அதிகம் போனாலோ உடனே போ.

திரும்ப மாற்ற முடியாது. இதை உனக்கு யாராவது சொன்னார்களா? பிள்ளை வேண்டுமென்றால் பிறகு சோதனைக்குழாய் வழிதான். நன்றாக யோசி. கையெழுத்து உன்னுடையது. மச்சானுடையது அல்ல.

முக்கியமானது ஒன்று. எடுத்த குழாய்களை லேபுக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால் பாதிக் காரியம்தான் நடந்தது என்று அர்த்தம். வந்ததும் எனக்கு அனுப்பு.

தைரியமாக இரு என்று எழுதப் பிடிக்கவில்லை. தெரிந்துகொண்டு இரு.

தாமரை


நெற்குப்பை
16.2.2025

அன்புள்ள தாமரை,

பிழைத்துக் கிடக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா?

படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி. பெரியவன் தபாலில் சேர்ப்பான். சுருக்கமாக எழுதுகிறேன்.

தோள் வலித்தது. நீ எழுதியிராவிட்டால் மாரடைப்பு என்றே நினைத்திருப்பேன். நர்ஸிடம் சொன்னேன். சிரித்தாள். "வயித்துலதான ஆபரேசன், தோளு ஏன் வலிக்குது? ஒருக்களிச்சுப் படுத்தீகளா?" காற்று என்றேன். "அதெல்லாம் யாரு சொன்னா?" தங்கச்சி என்றேன். "தங்கச்சி நர்ஸா?" இல்லை, சமூகவியல் என்றேன். அவள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி ஆரஞ்சோடு பார்க்க வந்தாள். "எல்லாத்தையும் அள்ளிட்டாகளாமே, இனி நீயும் ஆம்பள மாதிரிதான்" என்றாள். நான் பேசுமுன் அத்தை, "அப்ப ஒம் புருசன அவகிட்ட அனுப்பு, வயக்காட்டு வேல சொல்லிக் குடுப்பா" என்றாள். சிரித்ததில் தையல் வலித்தது.

சுகம். நீ கவலைப்படாதே.

அக்கா


ஹைதராபாத்
24.2.2025

அன்புள்ள அக்கா,

உன் கோணல் எழுத்தைப் பார்த்து நிம்மதி. தையல் ஆறிவிட்டதா? எனக்குச் சுகம், சாப்பிடுகிறேன்.

அந்த நர்ஸை நினைத்தால் கோபமாக இருக்கிறது. பிறகு யோசித்தேன். அவளுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது இன்னும் கோபமாக இருக்கிறது.

அத்தைக்கு என் அன்பு.

அறிக்கை?

தாமரை


நெற்குப்பை
17.3.2025

அன்புள்ள தாமரை,

நலம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

வேலைக்கு வந்துவிட்டேன். பையை உன் மச்சான் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போகிறார். மாதவிலக்கு நாள் தவறாமல் வந்தது. அத்தைக்கு ஆச்சரியம். "வழியே இல்லாம எப்புடித்தா வருது?" உன் கடிதத்தின் அந்தப் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு, தன் உடம்புக்குள் இருப்பதை அறுபத்தாறு வயதில் கடிதாசியில் கேட்க வேண்டியிருக்கிறதே என்றாள். யாரையோ திட்டுவது போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

புளி இந்த வருடம் நல்ல காய்ப்பு. உனக்கு இரண்டு கிலோ கொட்டை நீக்கி எடுத்து வைத்திருக்கிறேன். சின்னவன் வாய்ப்பாட்டில் பதின்மூன்றில் நிற்கிறான். கானாடுகாத்தானில் பூட்டிக்கிடந்த ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக்குகிறார்களாம். உன் மச்சானுக்கு அங்கே இரண்டு மாதம் தேக்கு வேலை மேற்பார்வை.

தையல் காட்டப் போனோம். டாக்டரம்மா தழும்பை அழுத்திப் பார்த்து "குட்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.

அக்கா


ஹைதராபாத்
24.3.2025

அக்கா,

சுகமா? நான் சுகமில்லை. காரணம் உடம்பு அல்ல.

ஆறு வாரம் ஆகிவிட்டது. அறிக்கைக்கு இரண்டு வாரம் போதும். இன்று நர்ஸிங் ஹோமுக்கு ஃபோன் செய்தேன். "பார்ட்டிகிட்டக் குடுத்துட்டோம் மேடம்." எந்தப் பார்ட்டி? "பேஷண்ட் பார்ட்டி." எதைக் கொடுத்தீர்கள்? "பாட்டில." ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து எடுத்ததைப் பாட்டிலில் போட்டு, வாசலில் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவார்களாம். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்களாம். அதுதான் வழக்கமாம்.

அவர்கள் சொன்ன லேபுக்கும் ஃபோன் செய்தேன். யோகலட்சுமி என்ற பெயரே அங்கே இல்லை.

பாட்டில் எங்கே?

தாமரை


நெற்குப்பை
3.4.2025

அன்புள்ள தாமரை,

எல்லோரும் நலம்.

பாட்டில் கொல்லையில் இருக்கிறது. எலுமிச்சைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில். மண்ணுக்குள். நான் வீட்டுக்கு வந்த அன்றே புதைத்தாயிற்று. பையன்கள் பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்ததையும் அங்கேதான் புதைத்தார்கள். அத்தைதான் குழி தோண்டி, ஒரு கை பால் ஊற்றினாள்.

இதை இத்தோடு விடு.

அக்கா


ஹைதராபாத்
12.4.2025

அக்கா,

விட மாட்டேன்.

கடிதம் வந்த அன்று வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டேன். நீ ஆபீஸில் இருந்தாய். அத்தைதான் எடுத்தார்கள்.

"நீங்கதான் பொதைச்சீகளா?"

"ஆமாத்தா. நாந்தான்."

"அது என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். ரெண்டு பேரனும் உண்டான வழி."

"அதுல நோய் இருந்திருந்தா? எங்கம்மா எதுல செத்தான்னு மறந்துபோச்சா?"

"நீ சாப்ட்டியாத்தா?" என்றார்கள்.

நான் கத்தினேன். உங்களுக்கு மருமகள் ஒரு ஆளா, மண்ணா என்று கேட்டேன். ராமுத்தாய் என்று பெயரைச் சொல்லியே திட்டினேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

மச்சான் என்ன செய்துகொண்டிருந்தார்? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. லீவு கிடைத்ததும் வருகிறேன்.

நம் குடும்பத்தில் இது இரண்டாவது தடவை. ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றி அவளைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்கிறார்கள். என்னால் பொறுக்க முடியாது.

உடம்பு எப்படி இருக்கிறது? வயிறு உப்புசம், வலி ஏதாவது? எழுது. இல்லை என்று மட்டும் எழுதாதே.

தாமரை


நெற்குப்பை
20.5.2025

தாமரைக்கு,

உடம்பு சுகம். உன் சுகத்தைக் கேட்கவில்லை. கோபத்தில் இருப்பவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள்.

ஏப்ரல் கடிதமும் அதற்குப் பிறகு நீ அனுப்பிய இரண்டும் வந்தன. முத்திரை குத்தினேன். பிரித்தேன். படித்தேன். ஃபோனில் நீ கூப்பிட்டபோது வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பதிலுக்கு ஐந்து வாரம் ஆனது.

முதலில் அத்தையிடம் மன்னிப்புக் கேள். புதைக்கச் சொன்னவள் நான்.

சனிக்கிழமை மூன்று மணி. எனக்கு மயக்கம் பாதி தெளிந்திருந்தது. நர்ஸ் பாட்டிலை உன் மச்சானிடம் கொடுத்தாள். "லேபு பூட்டியாச்சு. திங்கக்கெழம குடுத்துருங்க." அவர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, ஸ்டூலில் என் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்தேன். வெளிறிப்போய், நனைந்த நூல்கயிறு போல இரண்டு. முப்பத்தேழு வருடம் எனக்குள் இருந்தவை.

அத்தை கேட்டாள், "இதுல என்னடா பாப்பாக?"

உன் மச்சான் சொன்னார், "அவ அம்மாவுக்கு வந்தது இவளுக்கும் இருக்கான்னு. ஏதாச்சும்னா தாமரைகிட்டக் கேட்டுக்கிட்டு செய்வோம். இவகிட்ட இப்பச் சொல்ல வேணாம்."

நான் தூங்குகிறேன் என்று நினைத்துச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. உனக்கே தெரியும். அதனால்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. கெட்டவர் சொன்னால் சண்டை போடலாம்.

கண்ணைத் திறந்து, "அங்குட்டுக் கொண்டுபோகாதீக. வீட்டுக்குக் கொண்டாங்க. மண்ணுல போடுங்க" என்றேன். "மயக்கத்துல ஒளர்றா" என்றார். அத்தை என் முகத்தையே பார்த்தாள். "ஒளறல. நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றா. கொண்டா இங்குட்டு" என்று முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அன்று முதல் இன்றுவரை ஏன் என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ திட்டியதையும் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்கிறேன்.

ஆறு வருடம் முன்பு அம்மாவின் அறிக்கை வந்த அன்று நான் கதவுக்கு வெளியே நின்றேன். மதுரை ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. கவர் உன் கையில் இருந்தது. அப்பா படித்து, உன் மச்சான் படித்து, கடைசியாக நீ படித்தாய். அம்மா கேட்டாள்: "இவுகெல்லாம் மழுப்புறாக. நீ படிச்ச பிள்ள. நீ சொல்லு தாமர, எனக்கு என்ன?" நீ சொன்னாய்: "ஒண்ணுமில்லம்மா. வயித்துப் புண்ணு."

எட்டு மாதம் அம்மா மணத்தக்காளிக் கீரை கேட்டாள். புண்ணுக்கு நல்லது என்று. எட்டு மாதம் நான் ஆய்ந்து சமைத்துக் கொடுத்தேன். அந்தப் பொய்யில் நானும்தான். ஒரு நாள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னும் எத்தன நாளைக்குடி இந்தக் கீரைய ஆக்குவ?" என்றாள். தெரிந்துகொண்டாள். எல்லோரும் அவளுக்கு முதலில் பரிமாறத் தொடங்கியதிலிருந்தே தெரிந்திருக்கும். எங்களுக்காகத் தெரியாதது போல நடித்தாள். சாகப்போகிறவளுக்கு அந்த வேலையும் நாம்தான் கொடுத்தோம்.

"இரண்டாவது தடவை" என்று எழுதியிருந்தாய். முதல் தடவையில் நீ யார் பக்கம் நின்றாய் என்று எழுதவில்லை.

அந்த அறிக்கை வந்தால் முதலில் உன் மச்சான் கைக்குப் போகும். அவரிடமிருந்து உன் கைக்கு. "வந்ததும் எனக்கு அனுப்பு" என்று நீயே எழுதியிருக்கிறாய். நீங்கள் எல்லோரும் பேசி முடித்து என்னிடம் வரும்போது, அது ஒண்ணுமில்லை என்று ஆகியிருக்கும். எனக்கே சொந்தமான ஒன்றைப் பற்றி எனக்குத் தெரியாதது வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதனால் புதைத்தேன். முட்டாள்தனம் என்று தெரியும். ஆனால் அந்த ஒரு நாள், என் உடம்பைப் பற்றி நான் சொன்னது நடந்தது.

புகாரில் கையெழுத்துப் போடுகிறேன். நாலு நிமிடத்தைப் பற்றியும், பாட்டிலை வாசலில் நிற்பவர் கையில் கொடுத்ததைப் பற்றியும் மட்டும் எழுது. அத்தை பெயரை எடு.

யோகலட்சுமி


ஹைதராபாத்
29.5.2025

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியவில்லை. கேட்கிறேன்.

அத்தையிடம் பேசினேன். "ராமுத்தாயின்னு கூப்ட்டப்ப எங்காத்தா கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. இப்பல்லாம் பேரச் சொல்ல யாரு இருக்கா" என்றார்கள். அழவிடவில்லை. புளியை எப்போது அனுப்புவது என்று கேட்டார்கள்.

கதவுக்கு வெளியே நீ இருந்தது எனக்குத் தெரியும். உன் செருப்பு தெரிந்தது. நீ உள்ளே வந்து உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். நீ வரவில்லை என்று ஆறு வருடமாக உன்மேல் கோபம். அதையும் எழுதாமலே வைத்திருந்தேன்.

அம்மாவின் அறிக்கை இத்துடன் இருக்கிறது. அசல். என் பெட்டியில்தான் இருந்தது. உனக்குப் பயன்படும், டாக்டர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று. எனக்கும் அதே அம்மாதான். இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, பரம்பரையாக வருகிறதா என்று பார்க்க. ஹைதராபாத்தில் என் விடுதியிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். உனக்குப் பக்கம் பக்கமாக எழுதிய நான் இதுவரை போகவில்லை.

தோழியிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். பாட்டிலில் இருந்தது கெடாமல் வைக்கும் ஃபார்மலின் என்றால், மூடி இறுக்கமாக இருந்திருந்தால், நாலு மாதம் கழித்தும் பார்க்க முடியலாம். முடியாமலும் போகலாம். அவ்வளவுதான் தெரியும்.

மச்சானிடம் சொல்லவில்லை. நான் வரவும் இல்லை. தோண்டு என்றும் சொல்லவில்லை.

தாமரை


நெற்குப்பை
12.6.2025

அன்புள்ள தாமரை,

இங்கே சுகம். நீயும் சுகமாக இரு. அந்த இரண்டு நிறுத்தத்தைச் சீக்கிரம் தாண்டு, எனக்காக அல்ல.

அம்மாவின் அறிக்கையை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பாதி புரியவில்லை. பெயர் மட்டும் புரிந்தது. நாச்சியார், 49, பெண். அதை அவள் கையில் கொடுத்திருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாள்.

இரண்டு வாரம் யோசித்தேன். தெரியாமல் இருப்பது ஒரு சுகம்தான் என்று நினைத்துப் பார்த்தேன். இல்லை. கொல்லைக்குப் போகும்போதெல்லாம் கால் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இன்று காலை ஆறு மணிக்கு மண்வெட்டியை எடுத்தேன். அத்தை இடத்தைக் காட்டினாள். "ரொம்ப ஆழமாப் போடலத்தா. ஒரு முழந்தான். நீ கேப்பேன்னு நெனச்சேன்." ஒரு முழத்தில் இருந்தது. சுற்றியிருந்த துணி மட்கிவிட்டது. மூடிமேல் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருந்தது. என் பெயர் பாதி அழிந்து, "லட்சுமி" மட்டும் நின்றது. உன் மச்சான் வாசலுக்கு வந்து பார்த்தார். "நான் கொண்டு போறேன், குடு" என்றார். "நீங்க பையன்களுக்கு இட்லி ஊத்துங்க" என்றேன்.

காரைக்குடி லேபில் இருந்தவர் பாட்டிலையும் நர்ஸிங் ஹோமில் கொடுத்த, பிப்ரவரித் தேதி போட்ட சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு மாசம் எங்கம்மா வச்சிருந்தீக?"

"மண்ணுக்குள்ள."

"ரிசல்ட்டு வருமான்னு உறுதி சொல்ல முடியாது."

"உறுதி கேக்கல. பாருங்க."

"சரி, வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க. ரிப்போர்ட் வந்தா அவருக்குச் சொல்லிருவோம்."

"ஒடம்பு என்னுது. எனக்குச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பெயரை முழுதாக எழுத வைத்தேன். நம்பர் வேண்டாம், தபாலில் அனுப்புங்கள் என்று ஆபீஸ் முகவரியைக் கொடுத்தேன். பத்து நாள் ஆகும் என்றார்.

எட்டே முக்கால் பஸ்ஸில் திரும்பினேன். வழியில் எதையும் யோசிக்கவில்லை. இடம் கிடைக்காமல் திருப்பத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். பத்தரைக்கு ஆபீஸைத் திறந்தேன். முதியோர் பணம் வாங்க ஆறு பேர் நின்றார்கள். கொடுத்து அனுப்பிவிட்டு, பையைப் பிரித்து, இன்றைய தபாலை அடுக்கினேன்.

யோகலட்சுமி